செலக்‌ஷன் டேபிள்

பேப்பரில் அதன் பெயர் லார்ட் ஆஷ்வுட்.
சத்துவாச்சாரியில் சாம்பு.
சாம்பல் நிறம், அதனால்.
மாதம் ஒரு ஷாம்பூ பாட்டில் தீர்வதாலும்.

கனடாவுக்குப் போன மினி டாக்டரம்மா
என் மனைவி கிருபாவதியிடம் விட்டுப்போனது:
பூனை ஒன்று, எட்டு கிலோ.
சீப்பு இரண்டு, அகலப் பல், நெருக்கப் பல்.
ஒரு கவர்.
கவருக்குள் அதன் தாத்தா, தாத்தாவின் தாத்தா,
நாலு தலைமுறை, பேர் பேராய், முத்திரை குத்தி.

எனக்கு என் அப்பாவின் அப்பா வரை தெரியும்.
அதற்கு மேலே யாரும் எழுதி வைக்கவில்லை.
என் சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில்
நாலு நாள் கூலி விட்டேன்.
இதற்கு லேமினேஷன் செய்தே வந்திருந்தது.
கோபம் வந்தது.
யார் மேல் என்று தெரியாமல்
எழுந்துபோய் அதற்குத் தண்ணீர் வைத்தேன்.

"இன்னாபா இது, நரியாட்டம் கீது?"
மாடிவீட்டு தயாளன்.
"கடிக்குமா?"
"கடிக்காது. கறி கேட்கும்."

முப்பத்தொரு வருஷமாய் ராணிப்பேட்டையில்
செலக்‌ஷன் டேபிள் என் இடம்.
தோல் ஒவ்வொன்றாய் மேசையில் விழும்.
உள்ளங்கையை ஒரு ஓட்டு ஓட்டினால் சொல்லிவிடுவேன்:
இங்கே உண்ணி கடித்த தழும்பு,
இது முள்வேலி,
இங்கே சூடு போட்டிருக்கிறான்,
இது ஈன்ற மாடு, வயிற்றுப் பக்கம் தொய்வு.
சாக்பீஸால் ஒரு எழுத்து. ஏ, பி, சி.
அடுத்தது.

அதே கை, ராத்திரி, சாம்புவின் முதுகில்.
மயிரைப் பிளந்து அடிவரை போனால்
தோல்
என் விரலுக்கு அடியில் நகர்ந்தது.
முதல் நாள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன்.

அக்குளிலும் பின்தொடையிலும் சிக்கு,
புளியங்கொட்டை மாதிரி.
இழுத்தால் தோலும் சேர்ந்து வரும்.
சோளமாவு தூவி, விரலால் பிரித்து,
அப்புறம் அகலப் பல், அப்புறம் நெருக்கம்.
ஒரு சிக்குக்கு ஒரு சீரியல்.
கிருபாவதி டியூட்டி முடிந்து வருவதற்குள்
மடியில் இன்னொரு பூனை அளவுக்கு முடி.

கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்,
நூற்று ஒன்பது டிகிரி, கரண்ட் இல்லை.
பாத்ரூம் தரையில் சாம்பு
நாய் மாதிரி வாயைத் திறந்து இளைத்தது.
பூனை அப்படி இளைக்கக் கூடாது.
ஈரத்துண்டு, மார்க்கெட் கூடை,
டிவிஎஸ்ஸின் பின்சீட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு கிருபாவதி.
சிக்னலில் நிற்கவில்லை நான்.

கால்நடை ஆஸ்பத்திரியில்
வயிறு உப்பிய கன்று ஒன்று, ஆடு ஒன்று, பிறகு நாங்கள்.
ஆட்டுக்காரம்மா முறையை விட்டுக்கொடுத்தாள்.
"நீ மின்ன போ சாமி.
கம்பளி போத்திக்கினே பொறந்திச்சே, பாவம்."

"மொட்டை அடிச்சிடலாமா டாக்டர்?"
"வேணாம். வெயிலை அந்த முடிதான் தடுக்குது.
சிக்கு இல்லாம வச்சுக்கங்க, காத்து போகணும்."
பாதத்தையும் வயிற்றையும் நனைத்தார்.
நனைய நனைய
எலும்பும் காதுமாய் எழுந்து உட்கார்ந்தது
எங்கள் தெருவிலேயே திரிகிற ஏதோ ஒரு பூனை.
லார்ட் எந்தப் பக்கம் போனாரோ.
கிருபாவதி சிரித்தாள், பிறகு
துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.
அவன் என் கட்டைவிரலை நக்கினான்.
அரம் போன்ற நாக்கு.
பஃபிங் மெஷின் நினைவு வந்தது.

போன வியாழன்
ஃபினிஷிங் முடிந்து வந்த கறுப்புத் தோலில்
லேக்கருக்கு அடியில் ஒரு முடி.
நாலு விரல் நீளம், அடியில் வெள்ளை, நுனி சாம்பல்.
என் சட்டையிலிருந்துதான் விழுந்திருக்கும்.
நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.
சூப்பர்வைசர் டீக்குப் போயிருந்தார்.
சாக்பீஸை எடுத்தேன். ஏ போட்டேன்.
இத்தாலிக்குப் போகிற லாட்.

அடுத்தது விழுந்தது. உண்ணித் தழும்பு, பி.

திரும்பும் வழியில் மீன் வாங்கினேன்,
அரைக் கிலோ சங்கரா,
முள் எடுத்துத் தரச் சொல்லி.