கைப்பிடி உயரம்

"என்ன செய்ய வேண்டும் உங்களுக்கு?"
படிவத்தின் ஆறாவது கேள்வி.
நவமணி யோசிக்கவேயில்லை:
"ஐம்பத்தாறு சி-யில
மேல் கம்பியப் பிடிச்சு நின்னுட்டுப் போகணும்."

மார்பு எடுத்த இடப்பக்கம்
தோள் இறுகிக் கிடந்தது.
சுவரில் விரல்களை நடக்க விட்டோம்.
நின்ற இடத்தில் பென்சில் கோடு, தேதி.
கதிர்வீச்சு தொடங்கிய வாரம்
கோடு இரண்டு விரற்கடை இறங்கிற்று.
"புள்ளைய அளந்தா இப்படிக் குறையுமா மேடம்?"
சிரித்தாள்.
நான் தேதி மட்டும் எழுதினேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் பிதுங்கும் பஸ்ஸிலிருந்து
இன்று போன்,
சண்டைக்கு வருகிற குரலில்:
"மின்ட் தாண்டிட்டேன்.
ஒருத்தர் எழுந்து இடம் குடுத்தாரு.
உக்காரலையே!"

"போன் எந்தக் கையில?"

"வலது."

பின்னால் கண்டக்டர் விசில்.