கள்ளச்சாவி

முதலில்
ஏசி வைத்த ஜிம்மில்
மூவாயிரத்து ஐந்நூறு கட்டினேன்.
போனது பதினோரு நாள்.
நாளுக்கு முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய்,
சில்லறை தனி.
(கணக்கு என் தொழில்.
மண்ணடியில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் ஆபீஸ்,
மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு.)

ஷூ இருந்தால் போவேன் என்று ஷூ வாங்கினேன்.
பீரோ மேல், அட்டைப் பெட்டிக்குள்,
புது வாசனை போகாமல் இருக்கிறது.
ஐந்து மணி அலாரத்தோடு பேசிய பேரத்தை
கொத்தவால் சாவடியில் பேசியிருந்தால்
அரை மூட்டை வெங்காயம் மிச்சம்.
இன்னும் அஞ்சு நிமிஷம்.
திங்களிலிருந்து.
அமாவாசை கழியட்டும்.
இருபதாம் தேதி ரிட்டர்ன் முடியட்டும்.

பிறகு
மூலக்கொத்தளம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடம்.
காசு கிடையாது.
மின்விசிறி ஒன்று,
அதுவும் ஒரு பக்கம் மட்டும் பார்க்கும்.
பெண்களுக்கு ஐந்தரை முதல் ஆறரை.
அங்கேயும் நான்
வாரத்துக்கு ஒருநாள் ஆள்தான்.

பராமரிப்பு பார்க்கும் எத்திராஜ்
ஐப்பசியில் ஒருநாள்
மகள் பிரசவத்துக்கு ஆவடி போகிறேன் என்று
சாவியை என் கையில் வைத்தார்.
ஏன் எனக்கு என்றேன்.
"நீங்கதான் கம்மியா வர்றீங்க,
தொலைக்க மாட்டீங்க."
அந்தக் கணக்கு மட்டும்
எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் அலாரம் அடித்தது.
பேரத்துக்கு வாய் எடுத்தேன்.
அதற்குள் வந்து நின்றுவிட்டார்கள்:
ஸ்டான்லியில் நைட் டியூட்டி முடித்து வரும் ஜொஹரா,
காசிமேட்டில் மீன் கூடை இறக்கிவிட்டு
முதுகை நிமிர்த்திக்கொள்ள வரும் மேகலா,
போலீஸ் வேலைக்குக் குண்டு எறிந்து பழகும் ப்ரிசில்லா.
பூட்டிய கதவு. கொசு.
ஜொஹராவுக்குத் தெரிந்த வசவுகள்.

எழுந்தேன்.
உடம்புக்காக இல்லை, சத்தியமாக.

பதினாறு நாள் இப்படி.
பதினேழாம் நாள் விடாத மழை.
வால்டாக்ஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.
போய்ப் பார்த்தால் ஒருத்தியும் இல்லை,
குரூப்பில் ப்ரிசில்லா போட்ட குடைப் படம் தவிர.
திரும்பியிருக்கலாம்.
சுவிட்சைத் தட்டினேன்.
டியூப்லைட் கண்ணைச் சிமிட்டியது, அணைந்தது,
முனை சிவந்தது, மறுபடி சிமிட்டியது.
நின்றேன்.
எரிந்தது.
நனைந்த சல்வாரோடு
பன்னிரண்டு தோப்புக்கரணம்,
பிள்ளையாருக்குப் போட்டதைவிட ஒழுங்காக.
பார்க்க ஆள் இல்லை,
எண்ணிக்கையில் ஏமாற்றவும் ஆள் இல்லை.
பதின்மூன்றாவது
யாருக்காகப் போட்டேன் என்று தெரியவில்லை.

எத்திராஜ் பேத்தி படத்தோடு வந்தார்.
சாவி கேட்டார்.
கொடுத்தேன், புதன்கிழமை.
செவ்வாய் மாலையே
தங்கசாலை முனையில் குடைக்கடியில்
அரம் வைத்து உட்கார்ந்திருப்பவரிடம்
எண்பது ரூபாய்க்கு ஒன்று வெட்டியிருந்தேன்.
"எந்தப் பூட்டும்மா?"
வீடு என்று பொய் சொன்னேன்.

அதைப் போட்டுத் திறக்க
இதுவரை அவசியம் வரவில்லை.
எத்திராஜ் எனக்கு முன்னாலேயே வந்துவிடுகிறார்.
வாரம் நாலு நாள் போகிறேன், சில வாரம் மூன்று,
ஜூலையில் நோட்டீஸ் வந்த பத்து நாள்
எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
இடுப்பு அளவு அப்படியேதான்.
ஷூவும் பெட்டியில்தான்.

அலாரத்தோடு பேரம் இப்போதும் உண்டு.
தலையணைக்கடியில் கைவிட்டு
அந்தப் பித்தளைப் பல்லைத் தேடுவேன்.
சில்லென்று இருக்கும்.
உள்ளங்கையில் சூடாகும்வரை
படுத்திருக்கலாம் என்று
எனக்கு நானே கொடுத்த சலுகை.
சீக்கிரம் சூடாகிவிடுகிறது,
இந்த ஊரில்.