இங்கே மஞ்சள் என்றால்

டவுன்ஸ்வில், நவம்பர், இரவு பதினொன்றரை.
வெளியே கர்லூ பறவை
பிள்ளையைப் பறிகொடுத்தவள் போலக் கத்துகிறது.
அது அப்படித்தான். கார் நிறுத்துமிடத்தில்
குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறது.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
பெரும்பாலானவற்றில் ஒருத்தியின் சினைப்பைப் புற்று.
பெயர் எனக்குத் தெரியாது. அவள் போய் நாற்பது வருடம்.
இவை போகவில்லை.
வெள்ளிக்கிழமைதோறும் பெருகி
புதுக் குப்பி கேட்கின்றன.

அவற்றின் மேல் இந்த வாரம்
மாதிரி எண் 2117.
பதினெட்டு மீட்டர் ஆழத்தில், பாறையின் அடிவயிற்றில்
ஒட்டிக்கிடந்த கடற்பஞ்சு.
டெரன்ஸ் சுரண்டி எடுத்தபோது ஆரஞ்சு நிறமாம்.
என் மேசைக்கு வந்தபோது
ஊறிப்போன செருப்பு.
நாற்றம் மட்டும் குறையவில்லை,
மூன்று நாள் சோப்புப் போட்டும்
சோற்றில் கை வைத்தால் எழுந்து வருகிறது.

ஓடக் கால் இல்லை அதற்கு, கடிக்கப் பல் இல்லை.
பக்கத்துப் பவளம்
அங்குலம் அங்குலமாக நகர்ந்து மேலே படர்ந்தால்
வழக்குப் போட நீதிமன்றம் இல்லை.
ஆகவே நஞ்சு.
வெறும் வரப்புத் தகராறு.
அந்தப் பத்திரத்தில் எங்கேயும் நம் பெயர் இல்லை.
நாம்தான் நடுவில் புகுந்து
அந்த அரிவாளைக் கொஞ்சம் கொடேன் என்கிறோம்.

கடைசியில் சாயம்.
உயிர் இருந்தால் அது கத்திரிப்பூ நிறமாகும்.
இல்லாவிட்டால்
விட்டபடியே மஞ்சளாக நிற்கும்.
நிலைப்படிக்கும் தாலிக்கயிற்றுக்கும் பூசுகிற மஞ்சள்.
இந்த அறையில் மட்டும் அது சாவு.
மூன்று வருடமாக நான் வேண்டிக்கொள்வதும்
அதைத்தான்.

ஏழரைக்கு விட்டேன். இப்போது திறக்கிறேன்.

முதல் வரிசை மஞ்சள்.
இரண்டாவதும்.
மூன்று, நான்கு...
கை நடுங்கியதைக் குறிக்க நோட்டில் கட்டம் இல்லை.

பிறகு கடைசி மூன்று வரிசை.
அங்கே இருந்தது புற்று அல்ல.
நோயில்லாத யாரோ ஒருவரின் தோல்,
ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது.
அதுவும் மஞ்சள்.
பஞ்சு படாத ஓரத்துக் குழிகள் மட்டும்
கத்திரிப்பூவாக, ஒன்றும் அறியாமல்.

வாளியோடு வின்ஸ் வருகிறார்.
அவர் மனைவி லொரெய்னுக்கு
புதன்கிழமை எட்டாவது கீமோ.
தினமும் கேட்பார், கிடைத்ததா என்று.
இன்றைக்குக் கேட்கவில்லை.
தட்டை எட்டிப் பார்த்து
"நல்ல நிறம், மாம்பழ ஜூஸ் மாதிரி" என்கிறார்.
நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

எழுதுகிறேன்:
2117. இரண்டையும் கொல்கிறது.
மீதம் பதினொரு மில்லிகிராம்.
பேனாவை மூடினேன். திறந்தேன்.
பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாக
நீர்த்துப் பார்க்கவும்.
ஏதோ ஓர் அளவில்
இது மஞ்சளாகி அது பூவாகவே நிற்கலாம்.
நின்றாலும் அப்புறம் எலி. அப்புறம் பத்து வருடம்.
புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

உறைபெட்டியைத் திறக்கிறேன். மைனஸ் எண்பது.
பனிப்புகைக்குள் அடுத்த குப்பி,
நத்தையோ கடல் வெள்ளரியோ,
லேபிளில் உறைபனி.
கையுறைக் கட்டைவிரலை
அதன் மேல் அழுத்திப் பிடித்தபடி
நிற்கிறேன்.