கையிருப்பு

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
பேக்கரி மாடியில் அவர்கள் கம்பெனி.
இரண்டு மேசை, ஒரு யு.பி.எஸ்.,
வாவுபலிப் பொருட்காட்சியில் வாங்கிய சுவர்க்கடிகாரம்.
பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம்
கடிகாரம் லேசாக நடுங்கும்.

முப்பது லட்சம் கேட்டார்கள்.
அருமனையில் ரப்பர் விளை விற்ற பணம்
என் கணக்கில் சும்மா கிடப்பது
இந்த ஊரில் யாருக்குத் தெரியாது.

பிரஜின் பேசினான். நன்றாகவே பேசினான்.
"சார், ஆஸ்பத்திரி ஒரு ஊசி வாங்க
பதினோரு கையெழுத்து.
நாங்க அதை ஒரே திரைக்குள்ள கொண்டு வாறோம்.
எவ்வளவு இருக்கு, எப்போ தீரும்,
யார் அனுப்பணும், யார் அனுப்பல."
சந்தை எவ்வளவு பெரிதென்று ஒரு வட்டம் போட்டிருந்தான்,
பப்படம் போல.
தமிழ்நாடு அதில் ஒரு கடி.

நான் கேட்டது ஒன்றுதான்:
சர்க்கார் எப்போ துட்டு தரும்?
அவன் தண்ணீர் குடித்தான்.
"நூற்றைம்பது நாள்," என்றாள் அபிஷா.
"சில நேரம் தராது."
அதுவரை அவள் வாய் திறக்கவில்லை.

அந்த நூற்றைம்பது நாளை எனக்குத் தெரியும்.
பதினேழு வருஷம் கையுறை கொடுத்தவன்.
விடியுமுன் தலைவிளக்கு கட்டி
வெட்டுக்காரன் சிரட்டையில் எடுத்த பாலில்
என் ஷெட்டின் பீங்கான் கைகள்
வரிசையாக முங்கி எழும்.
உரித்த தோல் பிரசவ அறைக்குப் போகும்.
பில் மட்டும் ஏதோ ஒரு மேசையில் உறங்கும்.
எந்த மேசை என்று கண்டுபிடிக்க
நாகர்கோவிலில் யாருக்கு என்ன கொடுத்தேன்,
அது இங்கே வேண்டாம்.

டெமோ காட்டினார்கள்.
மலையோரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின்
பழைய பதிவேடு, சோதனைக்கு ஏற்றியதாம்.
பாம்புக்கடி மருந்து, பன்னிரண்டு குப்பி: பச்சை.
குளுக்கோஸ்: மஞ்சள்.
அவன் விரல் தள்ளிக்கொண்டே போனது.
என் கண் நின்றுவிட்டது.

கையுறை, அளவு ஆறரை.
வழங்குநர்: எபனேசர் கிளவுஸ், காட்டாத்துறை.
தாமதம்: இருபத்தாறு நாள்.
அந்நாட்களில் கையிருப்பு: பூஜ்யம்.
சிவப்பு.

ஐப்பசி அது.
மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியும்
சிரட்டையில் பாதி மழைத்தண்ணி.
பாறசாலைக்காரன் ஒருவன்
பெட்டிக்கு எட்டு ரூபாய் கூடத் தந்தான்.
இருந்த சரக்கு ராத்திரியே களியக்காவிளை தாண்டியது.
மழை காரணம் என்று கடிதம் போட்டேன்.
மழையும் பெய்ததுதானே.

அந்த இருபத்தாறு நாளும்
அங்கே பிள்ளைகள் பிறக்காமலா இருந்திருக்கும்?
இன்று வரை கேட்டதில்லை நான்.

பிரஜின் பார்த்துவிட்டான். கெட்டிக்காரன்.
"பழைய டேட்டா சார். வேண்டாம்னா எடுத்துரலாம்."
அபிஷா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
"எடுக்க முடியாது."
"உன்னாலயா?"
"யாராலயும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."
பாலத்தில் பஸ் போயிற்று.
மூவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

இருபது லட்சத்துக்குச் செக் எழுதினேன்.
மிச்சம் பத்துக்கு இன்னும் பயம் இருக்கிறது.
இதுவும் திரும்பாமல் போகலாம்;
சர்க்கார் வாசலில் எத்தனை கம்பெனி
காத்திருந்தே செத்திருக்கிறது.
சர்ஜிக்கல் ஏஜென்சி வைத்திருக்கும் என் மச்சினன்
ஞாயிறு ஆராதனை முடிந்து
இனி வேறு வாசல் வழியாகப் போவான்.

படி இறங்கும்போது அபிஷா பின்னால் வந்தாள்.
"சார், அந்த வரியில காரணம்னு ஒரு கட்டம் இருக்கு.
காலியா கிடக்கு. என்ன போட?"

பேக்கரியில் பன் வெந்த மணம்.
மழை என்ற சொல்
நாக்கு நுனி வரை வந்து நின்றது.

நாளைக்குச் சொல்லுகேன், என்றேன்.
அவள் போனை எடுத்துத்
தேதியைக் குறித்துக்கொண்டாள்.