ஐந்தொகை

செக்காலை ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு மேலே
சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு மேல்
உலகத்துக்கு நான்தான் சட்டம்.
பகலில் ஆடிட்டர் ஆபீஸ்,
அடுத்தவர் கணக்கில் இடிக்கிற ரூபாயைத் தேடும் வேலை.

பூதத்துக்குப் பலம் பதினெட்டு.
யட்சருக்கு இருட்டில் கண் தெரியும்.
நாகருக்கு விஷம் ஏறாது, சட்டை உரித்தால் காயமும் போகும்.
மனிதருக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தேன்,
பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று.

தேனப்பன் பூதம் எடுத்தான். எடுக்காமல் இருப்பானா,
கம்பெனியில் இன்னும் அவனைப் 'பொடியா' என்கிறார்கள்.
சகாயம் யட்சன். ஜியாவுதீன் நாகன்.
உமையாள் தாமதமாக வந்தாள்.
"மிச்சம் என்ன இருக்கு?"
"மனுசி."
"சரி, குடு."

முதல் வாரம் மூன்றாம் சுற்றில் செத்தாள்.
அடுத்த வாரம் இரண்டாம் சுற்றில்.
அதே சீட்டில் பெயரைத் திருத்தி நீட்டினாள்:
வள்ளிக்கண்ணு ஒன்று, வள்ளிக்கண்ணு இரண்டு.

மனிதருக்கு எந்த வித்தையும் வரும் என்று எழுதினேன்;
எல்லாம் அரைகுறையாக வந்தது.
ஆயுசு கம்மி, அதனால் முதலில் வீசலாம் என்றேன்;
முதலில் வீசி முதலில் செத்தாள்.
பலத்தைக் கூட்டினேன். "அப்ப நான் எதுக்கு?" என்றது பூதம்.

ஆபீசில் பேரேட்டைப் புரட்டிய சீனியர் கேட்டார்,
"மனிதர்னு ஒரு எண்ட்ரி இருக்கே, என்னய்யா இது?"
சஸ்பென்ஸ் கணக்கு சார், என்றேன்.

அன்றிரவு எழுதியது ஒரே வரி:
மனிதருக்கு நாணயம் உண்டு.

கையில் காசு என்று அர்த்தமில்லை.
தவறிய பகடைக்குப் பதில்
பக்கத்தில் இருப்பவரின் வீச்சைக் கடன் வாங்கலாம்.
திருப்பும்போது ஒன்று கூட்டித் தரவேண்டும்.
யட்சர் வாங்க முடியாது;
ஆயிரம் வருஷம் வாழ்கிறவனுக்குத்
தவணை என்றால் என்ன தெரியும்?

ஐந்தாம் வாரம்.
எழுபத்திரண்டு பங்காளிகள் பூட்டிவிட்டுப் போன வீடு,
சாவி யாரிடம் என்பதே ஒரு வழக்கு.
நான்காம் கட்டில் இருட்டு எழுந்து நின்றது. அதற்கு வாய் இருந்தது.

அதற்குள் வள்ளிக்கண்ணு
தேனப்பனிடம் நான்கு, சகாயத்திடம் மூன்று வாங்கியிருந்தாள்.
ஜியாவுதீனிடம் ஐந்து.
"எனக்கு வட்டி வேணாம், குடுத்தது வந்தா போதும்" என்றான் நாகன்.

அட்டை மறைவில் என் இருபது முகப் பகடை
பதினேழில் நின்றது. அவளைத் தின்ன ஒன்பதே போதும்.

"நான் குறுக்க நிக்கிறேன்."
பூதம்தான்.
போன மாதம் அவள் சாகச் சாக மிக்சர் தின்றவன்.

"எதுக்குடா?"
"செத்துட்டா என் நாலை யாரு தருவா?"

யட்சன் ஓடிவந்து கண்ணாக நின்றான்.
நாகன் அவள் இடுப்பைச் சுற்றி வாலைப் போட்டான்.
சாகாவரம் வாங்கியவர்கள் மூன்று பேர்
ஒரு கடன்காரி சாகக்கூடாதென்று
அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு இருட்டு விழுந்தது.
"மனுசங்களுக்கு ரொம்பக் குடுத்துட்ட, கொறைக்கணும்" என்றான் சகாயம்,
காதில் ரத்தம் வருகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு.
தேனப்பன் அடுத்த ஆட்டத்துக்கு மனிதச் சீட்டு கேட்டான்.
ஜியாவுதீனும்.

"எல்லாரும் மனுசங்கன்னா," உமையாள் பையை மாட்டினாள்,
"யார்ட்ட வாங்குறது?"

இதற்கு விதி எழுதவேண்டும். பென்சிலைத் தேடினேன்.
அவள் படியிறங்கிவிட்டாள்.
கீழே வண்டி கிளம்பும் சத்தம்.

சகாயத்தின் வண்டி.