பதினொரு விநாடி

வொர்திங்கில் டிசம்பர் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
கடற்காக்கைகள் மட்டும் நியான் வெளிச்சத்தில்
சிப்ஸுக்குச் சண்டை பிடிக்கும்.
மாலைக் காட்சிக்கு முன் நான் அயன் பண்ணுவது
ஒரு கடற்கொள்ளைத் தலைவனின் சிவப்புக் கோட்டு.
அதற்குள் வரப்போகிறவர் கிரெக் ட்ரெலோர்.

இந்த ஊருக்கு அவர் மிருக வைத்தியர்.
தொண்ணூறுகளில், மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு,
ஆஸ்திரேலியாவின் இல்லாத ஓர் ஊரில்
முழங்கைவரை கைவிட்டுக் கன்று இழுத்தவர்.
அதற்கு முன் வேகப்பந்து. முதுகு போனது.
அதற்குப் பின் காலை டீவி, சமையல், வானிலை, சிரிப்பு.
பிறகு ஒரு நீல டை, செனட், ஆறு வருடம்.
இப்போது எங்கள் போஸ்டரில்
கடலைப்பருப்பு அளவு எழுத்தில்: தொலைக்காட்சிப் புகழ்.

செனட்டைப் பற்றி போஸ்டர் பேசாது.
நான் பேசலாம்.
ஆனால் இரண்டாம் அங்கத்தில் உடை மாற்ற
எங்களுக்குப் பதினொரு விநாடி.
என் வாயில் நாலு குண்டூசி.

'வந்த வழியே போகட்டும்' என்றார் அந்தச் சபையில்.
தண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்.
அந்த மிடறுவரை எனக்கு மனப்பாடம்.
அந்த வாரம் சுதானந்தன், என் சின்னம்மாவின் மகன்,
மீன் நாறும் படகில் பத்தொன்பதாம் நாள்.
பிறகு ஒரு தீவு, ஒரு கூடாரம்,
பெயர் இருந்த இடத்தில் ஓர் இலக்கம்.

இங்கே இவர் ஏறுவது ஒட்டுப்பலகைப் படகு.
கீழே சில்லு, பக்கத்தில் நீலத் துணிக் கடல்;
அதை ஆட்டுவது இரண்டு பள்ளிக்கூடப் பெடியன்கள்.
எண்ணூறு பேர் ஊளையிடுவார்கள்.
'பின்னாலே! உனக்குப் பின்னாலே!' என்று
பல் விழுந்த வாய்கள் கத்தும்.
ஒவ்வொரு இரவும் பிழையான பக்கம் திரும்புவார்.
அதில் அவர் கெட்டிக்காரர்.

இருட்டில் என்னிடம் வருகையில்
'முதுகு' என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.
தோளைப் பிடித்துக் கோட்டை உரிப்பேன்.
நீலகிரித் தைலம் மணக்கும்.
பெயர்தான் எங்களுடையது, மரம் அவருடைய ஊர்.
பஸ்ஸில் வீடுவரை என் உள்ளங்கையில் அது வரும்.
கழுத்தோரம் ஓர் ஊசியை
மறந்து விட்டுவிடலாம் என்று
ஒரு வியாழக்கிழமை நினைத்தேன்.
வெள்ளியும் நினைத்தேன்.

சனிக்கிழமை சுதாவுக்குப் போன் எடுத்தேன்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
'வைத்தியரோ? எங்கட வைத்தியரோ?'
முகாமில் ஒரே ஒரு டீவியாம். பழைய தொடர்தானாம்.
'ஆடாமப் பிடி, மேட்'
அதுதான் அவன் படித்த முதல் இங்கிலீஷ்.
இப்போது டாண்டெனாங் கிடங்கில்
ஃபோர்க்லிஃப்டோடு அதைத்தான் பேசுகிறானாம்.
'அக்கா, ஒரு கையெழுத்து வாங்கித் தாங்கோ.'
டேய், அந்தாள் என்ன சொன்னவர் எண்டு...
'தெரியும் அக்கா.
ஆனா ஒரு கண்டையும் சாக விடேல்லை.'

கடைசி இரவு, இடைவேளை.
ஊசிகளை வாயிலிருந்து எடுத்தேன்.
எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொன்னேன்.
எங்கே இருக்கிறான் என்று கேட்டார்.
டாண்டெனாங்.
'அட, நம்ம ஊர்க்காரன்!'
கண் சுருங்கச் சிரித்தார்.
மழைக்கோட்டும் கன்றுமாய் இருந்த தன் இளவயதுப் படத்தில்
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு எழுதினார்.

நான் திருத்தவில்லை.
மணி அடித்தது. கோட்டு. தொப்பி. பச்சை விளக்கு.
வெளிச்சத்துக்குள் போனார்.
எண்ணூறு பேர் ஊளையிட்டார்கள்.
நானும் இட்டேன், மெல்ல,
ஊசிகளை மறுபடி வாயில் வைப்பதற்கு முன்.