கரையாத பதினேழு

பேராதனையில் ஜூலை என்றால்
ஹந்தானைப் பனி சன்னல் வழியே வந்து
சிலிக்காத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும்.
தட்டை நூற்றுப்பத்துப் பாகையில் சுட்டெடுக்காமல்
எந்தப் புள்ளியையும் நம்பக் கூடாது.
என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது.

இரண்டாம் பக்கத்தில் தையசோல்.
மூன்று காபன், ஒரு நைதரசன், ஒரு கந்தகம்.
ஆறு இலத்திரனை
ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல்
ஐந்து பேரும் சுற்றுக்கு விட்டுப் பிழைக்கிறார்கள்.
அக்கரப்பத்தனையில் எங்கள் காம்பராவிலும்
ஐந்து பேர்தான்.
கந்தகம் யார் என்பதில்
வீட்டில் இன்னும் வழக்கு.

தயோயூரியாவை எதனோலில் போட்டு
புரோமோகீற்றோனைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.
கண்ணைக் கரிக்கிற சாமான் அது.
புகைப்பெட்டியின் விசிறி நின்றுபோன புதன்கிழமை
நாலு பேர் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து அழுதோம்.
ஆய்வுகூட உதவியாளர் விமலதாச
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
யார் செத்தது என்று கேட்டார்,
மெதுவாக, சிங்களத்தில்.

மூன்று மணி நேரக் கொதி.
மஞ்சளாய் இறங்கியது வண்டல்.
விளைவு நாற்பத்தொரு சதவீதம்.
மலையில் கிலோ குறைந்தவளுக்குப் போடுவதைப் போல
அரைப்பேர் என்று எழுதினேன்.
பிறகு கோடு கிழித்து அடித்தேன்,
பேராசிரியர் பார்ப்பாரே என்று.

ஜெஸிமா இரவெல்லாம் கணினியை ஓடவிட்டிருந்தாள்.
காசநோய்க் கிருமியின் நொதி ஒன்று
திரையில்
பலாப்பழத்தை வகுந்து வைத்த மாதிரி.
நான் வரைந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அதன் பள்ளத்தில் இறங்கின.
ஆறு முட்டியது. பதினொன்று மல்லாந்தது.
பதினான்கு உள்ளே போய், என்ன நினைத்ததோ,
திரும்பி வாசலில் நின்றுகொண்டது.
பதினேழு
முதுகைச் சாய்த்துப் படுத்தது.
நைதரசனுக்குப் பிடிக்க ஒரு கை,
கந்தகத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கான ஒரு மூலை.
"மாப்பிள்ளை செட் ஆகிட்டார்" என்றாள் ஜெஸிமா.
அந்த நிமிஷம் கரண்ட் போனது.

காலையில் அதைத் தண்ணீரில் போட்டேன்.
மிதந்தது.
சுடுதண்ணீரில் போட்டேன்.
சூடாக மிதந்தது.
கீழே ஓடுகிற மகாவலி முழுவதையும் கொடுத்தாலும்
மினிப்பே வரைக்கும் மிதந்தே போகும்.
கரையாத மருந்து
குடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு
மறுநாள் வெளியே போகிற உல்லாசப் பயணி.

வாலில் ஒரு மோர்போலினைத் தொங்கவிட்டேன்.
கரைந்தது, பள்ளத்தில் பிடி விட்டது.
வாலைக் குறுக்கினேன்.
பிடி வந்தது, ஈரல் என்ன செய்யுமோ என்ற பயமும் வந்தது.
ஒன்றைக் கூட்ட இன்னொன்று கழிகிற கணக்கு
எனக்குப் புதிது இல்லை.
அம்மாவின் சம்பளத் துண்டை
எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டியவள் நான்.
முற்பணம், தேயிலைத்தூள், சங்கச் சந்தா,
கோயிலுக்கு இவ்வளவு.
எல்லாம் போய்க் கடைசி வரியில்
என்ன மிஞ்சுகிறதோ அதுதான் மருந்து.

ஞாயிறு தம்பி சத்தியசீலன் பேசினான்.
நுவரெலியா கிளினிக்கில் அவனுக்கு நாலாம் மாதம்.
"மூத்திரம் தோடம்பழக் கலர்ல போகுது,
இருமல் நின்னுருச்சு.
அக்கா, நீ செய்யிற குளுசை எப்ப வரும்?"
பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகும் என்றேன்.
வராமலும் போகும் என்றேன்.
"அப்ப சரி,
இருக்கிறதையே முழுங்கிறேன்" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
இன்னும் இரண்டு மாதம்,
ஒரு நாள்கூட விடாதே என்றேன்.
அதைச் சொல்ல வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை.

இன்று இருபத்திரண்டு.
நிறுத்தேன்: பதினெட்டு மில்லிகிராம்.
பனி இறங்குமுன் சன்னலைச் சாத்தினேன்.
தண்ணீர் முதலில் கலங்கியது,
பிறகு, முழுக்க இல்லை,
பாதி தெளிந்தது.
அரைப்பேர் என்று எழுதினேன்.
அடிக்கவில்லை.